அண்ணிக்கு என்ன ஆபரேஷன்?

போன வாரம் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் சாம்பாரைப் பிசைந்துகொண்டே விசாரித்தார்.

"உங்க நாத்தனாருக்குக் குடலிறக்கமாமே... ஆபரேஷன் பண்ணாங்களாமே. இப்ப தேவலையா?"

தேவலை என்றேன்.

கை கழுவுகிற இடத்தில் இன்னொருவர். "அப்பெண்டிஸ் வெடிக்கிற நேரத்துல கொண்டு போய்ச் சேர்த்தாங்களாம். ஏதோ நல்ல காலம்."

ஆமாம், நல்ல காலம்தான் என்றேன்.

தாம்பூலப் பை வாங்குகிற இடத்தில் மூன்றாமவர். அவருக்குக் கிடைத்த தகவல் - சிறுநீரகத்தில் கல். சுண்டைக்காய் சைஸாம். கல்லை நேரில் பார்த்தவர் மாதிரி விரலால் அளவு காட்டினார்.

ஒரே பெண்மணி, ஒரே ஆபரேஷன், மூன்று உறுப்பு. எப்படி?

மூன்று செய்திக்கும் ஊற்று ஒன்றுதான். என் நாத்தனாரின் கணவர். யாரைப் பார்க்கிறாரோ அவரிடம் அந்த நேரத்தில் வாய்க்கு வந்த உறுப்பைச் சொல்லி வைத்திருக்கிறார். உடம்பில் உள்ள பாகங்களை எல்லாம் ஒரு சுற்று வந்துவிட்டார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். உண்மையில் எடுத்த உறுப்பை.

கர்ப்பப்பை.

சொல்லிவிட்டேன். பத்திரிகையைச் சட்டென்று மடித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தவர்கள், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். தொடரலாம்.

முதலிலேயே ஒன்று. இதை அண்ணியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. பேரையும் சேர்த்துப் போடு" என்றார். போட்டுவிடுகிறேன். ஜெயா. என் கணவருக்கு அக்கா, எனக்கு அண்ணி. ஐம்பதைத் தாண்டியவர். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அவருக்கும் அவர் கணவருக்கும் சின்னதாக ஒரு யூனிட். கொலு பொம்மை, ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை எல்லாம் சுட்டு வெளியூருக்கு அனுப்புகிறார்கள்.

அனுப்புகிறார்கள் என்ன... அண்ணிதான் அனுப்புகிறார். லாரி டிரைவரிடம் கறாராகப் பேசுவது, உடைந்த சரக்குக்குச் சாக்குச் சொல்கிற வியாபாரியைப் போனில் வறுத்தெடுப்பது எல்லாம் அவர்தான். அண்ணியின் கணவர் கோவிந்தராஜன் அண்ணனுக்கு வேறு வேலை இருக்கிறது. பொதுச் சேவை. ஊரில் உள்ள ஒரு சேவைச் சங்கத்தில் துணைத் தலைவர். சங்கத்தின் பெயர் வேண்டாம். எல்லாச் சங்கத்துக்கும் எங்கள் ஊரில் ஒரே வேலைதான் - ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொள்வது.

ஒரு நாள் யூனிட்டுக்குப் போயிருந்தேன். அண்ணி பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்தினார்.

"சுதா, எனக்கு வயசு திரும்புது போல இருக்குது."

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"நின்னு போயி ரெண்டு மூணு வருஷம் ஆச்சு இல்ல... இப்ப திரும்ப அப்பப்ப படுது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரிடம் போகலாம், இன்றைக்கே போகலாம் என்றேன்.

"போவணும். இந்த ஆர்டர் முடியட்டும்."

அந்த ஆர்டர் முடிந்தது. அடுத்த ஆர்டர் வந்தது. நானே ஒரு லேடி டாக்டரிடம் டோக்கன் வாங்கி வைத்தேன். அன்றைக்கு லோடு ஏற்ற வேண்டும் என்றார். இன்னொரு நாள் வாங்கினேன். அன்றைக்கு அமாவாசை என்றார். லாரி டிரைவரைப் பார்த்துப் பயப்படாத அண்ணி, டாக்டர் ரூம் திரைச்சீலையைப் பார்த்துப் பயந்தார்.

இதற்கு நடுவில் இலவச ஆலோசனைகள் வேறு. நம் பெண்களுக்கு ரத்தம் பட்டால் டாக்டரைத் தவிர மற்ற எல்லோரும் வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் வெந்தயத்தை ஊற வைக்கச் சொன்னார். ஒருவர் வாழைப்பூ என்றார். அண்ணிக்கு யாரோ கண் வைத்துவிட்டதாக ஒருவர் சொன்னார். கொளஞ்சியப்பர் கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டினால் சரியாகிவிடும் என்றார் இன்னொருவர். கட்டலாம்தான், நானும் கும்பிடுகிறவள்தான். ஆனால் சாமியிடம் கொடுக்கிற பிராதில் என்னவென்று எழுதுவது? "அங்கே, அது, அந்த மாதிரி" என்றா? சாமி குழம்பிப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரின் வாய்க்கால் தகராறைத் தீர்த்துவைத்துவிட மாட்டாரா?

கணவரிடமும் சொல்லியிருக்கிறார். அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டே காதில் வாங்கினாராம்.

"சூடு. பகல்ல சூளைப் பக்கம் நிக்காத. எளநி குடி."

சொல்லிவிட்டு எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாராம். எங்கே? சங்கத்தின் அவசரக் கூட்டத்துக்கு. என்ன அவசரம்? அந்த மாதம் சங்கம் நடத்தப்போகிற முகாமுக்கு நோட்டீஸ் அடிக்க வேண்டும்.

என்ன முகாம் தெரியுமா? மகளிர் புற்றுநோய் விழிப்புணர்வு முகாம்.

நான் கதை கட்டவில்லை. நோட்டீஸில் அண்ணன் போட்டோவும் இருந்தது. கை கூப்பியபடி.

முகாமுக்கு வந்துவிடுங்கள் அண்ணி, புதுச்சேரியிலிருந்து லேடி டாக்டர் வருகிறாராம், அங்கேயே காட்டிவிடலாம் என்று பிடித்துக்கொண்டேன். அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது.

"அது ஏழை எளியவங்களுக்கும்மா. நம்ப வூட்டுப் பொம்பளைங்க போய் அந்த லைன்ல நின்னா நல்லாவா இருக்கும்?"

சரிதான். வியாதி ரேஷன் கார்டு பார்த்துத்தான் வரும். எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

முகாம் நாளும் வந்தது. கடைவீதிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். எங்கள் வட்டாரத்து மங்களூர், நல்லூர் கிராமங்களிலிருந்து டெம்போ வைத்துப் பெண்களை அழைத்து வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மண்டபம் நிறைந்து வழிந்தது. அண்ணி துணைத் தலைவரின் மனைவி அல்லவா... பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். வருகிறவர்களை வரவேற்பது, பிறகு கேள்வி கேட்கிறவர்களிடம் மைக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது - இரண்டும் அவர் பொறுப்பு.

மேடையில் வரிசையாக நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஆண்கள். மகளிர் முகாம் என்றால் மகளிர் தரையில் இருப்பார்கள், முகாம் மேடையில் இருக்கும். கடைசி ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரில் டாக்டரம்மா. அடிக்கடி வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு ஆரம்பித்தது. பெண்கள் நாட்டின் கண்கள் என்றார் ஒருவர். கண்கள் என்பது சரி, புற்றுநோய் அங்கேயா வருகிறது? நதிகளுக்கெல்லாம் பெண் பெயர்தான் என்றார் அடுத்தவர். நம் அண்ணன் மைக் பிடித்தார். "பெண்களுக்கு... அந்த... குறிப்பிட்ட... பகுதிகளில் ஏற்படக்கூடிய..." என்று தொடங்கி, மின்விசிறியைப் பார்த்து, வியர்வையைத் துடைத்து, "டாக்டர் விளக்குவார்" என்று முடித்துவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல். பொன்னாடை.

வெயில் ஏறி, குழந்தைகள் அழத் தொடங்கிய பிறகு டாக்டரம்மாவுக்கு மைக் வந்தது. முதல் வாக்கியமே, "ஜென்ட்ஸ் எல்லாம் கொஞ்சம் வெளியே இருங்க. மேடையில இருக்கிறவங்களும்தான்."

மேடை காலியான வேகத்தைப் பார்க்க வேண்டுமே. விடுதலை கிடைத்த மாதிரி இறங்கினார்கள். எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார்கள். சவுண்ட் சர்வீஸ்காரரும் ஜென்ட்ஸ்தானே, அவரும் போனார்.

போகும்போது ஒரு வேலையைச் செய்ய மறந்துவிட்டார். முகாமுக்கு ஆள் கூப்பிட, காலையிலிருந்து வெளியே வேப்பமரத்தில் கடைவீதியைப் பார்த்து ஒரு குழாய் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. அதை அவர் நிறுத்தவில்லை. உள்ளே இருந்த எங்களுக்கு அது தெரியவில்லை.

டாக்டரம்மா மேடையை விட்டு இறங்கி, பெண்களுக்கு நடுவில் வந்து நின்றார். சுற்றி வளைக்கவில்லை.

"ரெண்டு மாதவிடாய்க்கு நடுவுல ரத்தம் பட்டா, புருஷனோட சேர்ந்த பிறகு ரத்தம் பட்டா, வெள்ளைப்படுறது நாத்தம் அடிச்சா, மார்புல வலியில்லாத கட்டி இருந்தா - டாக்டர்கிட்ட வாங்க. தூரம் நின்னு ஒரு வருஷத்துக்கு அப்பறம் ஒரு சொட்டு பட்டாலும் வாங்க. எல்லாமே புத்துநோய் இல்ல. ஆனா இல்லைன்னு சொல்ல வேண்டியது நான். பக்கத்து வூட்டு அக்கா இல்ல."

பெண்கள் சிரித்தார்கள்.

"வலி வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க. ஆரம்பத்துல இது வலிக்காது. கர்ப்பப்பை வாயில பஞ்சு மாதிரி ஒண்ணால தடவி எடுத்துப் பாக்கிற டெஸ்ட் இருக்குது. ஊசி கிடையாது, கத்தி கிடையாது. முப்பது வயசு தாண்டுனவங்க ஒரு தொந்தரவும் இல்லாட்டிகூட சில வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துக்கணும். புத்துநோயா மாறுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சு நிறுத்திடலாம். சரி, யாருக்கு என்ன கேக்கணும்?"

அண்ணி மைக்கோடு முதல் வரிசைக்குப் போனார். அங்கே இருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்தவரிடம் நீட்டினார். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். இப்படியே வரிசை வரிசையாக மைக் போனது. வாங்க ஆள் இல்லை. இருநூறு பெண்கள் இருந்த மண்டபத்தில் ஒருத்திக்கும் ஒரு சந்தேகமும் இல்லை.

அண்ணி பாதி மண்டபத்தில் நின்றார். கையில் மைக். என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்தார். மைக்கைத் தன் வாய்க்கே கொண்டுபோனார்.

"டாக்டரம்மா, எனக்கு இருக்குது."

மண்டபம் நிமிர்ந்தது.

"எனக்குத் தூரம் நின்னு ரெண்டு மூணு வருஷம் ஆவுது. இப்ப கொஞ்ச மாசமா திரும்ப ரத்தம் படுது. வலி இல்ல. எங்க வூட்டுக்காரர்கிட்ட சொன்னேன். சூடு, எளநி குடின்னாரு. குடிச்சுப் பாத்துட்டேன். நிக்கல. அவருதான் இந்தச் சங்கத்துக்குத் துணைத் தலைவர்."

சிரிப்பதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டரம்மா மட்டும் சாதாரணமாகக் கேட்டார். "சூடுன்னு அவரு எந்த மெடிக்கல் காலேஜ்ல படிச்சாரு?"

அப்போதுதான் மண்டபம் சிரித்தது. சிரித்து முடிவதற்குள் மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அண்ணியின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். "எனக்கும் இருக்குதும்மா. எங்கிட்டயும் இதையேதான் சொன்னாங்க." அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. இன்னொருத்தி.

அந்த நேரத்தில் வாசலில் யாரோ இருமினார்கள். எதிரே பாத்திரக்கடை வைத்திருக்கும் ஜமால் பாய். உள்ளே பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வெளிய கொழா ஸ்பீக்கர் ஓடிக்கிட்டு இருக்குது. கடைவீதி பூரா கேக்குது."

டாக்டரம்மா அண்ணியிடம் திரும்பினார். "நிறுத்திடலாமாம்மா? உங்க இஷ்டம்தான்."

அண்ணியின் முகம் வெளுத்திருந்தது. வாசல் பக்கம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன். இனிமே நிறுத்தி என்ன ஆவப்போவுது. நீங்க சொல்லப்போறதையும் அவங்க கேக்கட்டும்."

"அப்ப இனிமே யாரும் சொந்த விஷயம் மைக்குல சொல்ல வேணாம். நான் மட்டும் பேசறேன்" என்றார் டாக்டரம்மா. இன்னொரு முறை, முதலிலிருந்து, எல்லா அறிகுறியையும் சொன்னார். இந்த முறை கடைவீதியைப் பார்த்து.

அந்த நேரத்தில் டீக்கடையில் என்ன நடந்தது என்பதை ஜமால் பாய் பிற்பாடு சொன்னார். சங்கத் தலைவர் டீயைக் கீழே வைக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லையாம். நம் அண்ணன் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, வராத போன் கால் ஒன்றுக்கு "ஹலோ, ஹலோ" என்று பதில் சொல்லிக்கொண்டே தெருக்கோடி வரை நடந்தாராம்.

பரிசோதனைக்கு ஒதுக்கிய இடம் மணமகள் அறை. கதவில் தாழ்ப்பாள் இல்லை. மேடைக்கு வாழைமரம் கட்ட யோசித்தவர்கள் இதை யோசிக்கவில்லை. நான் கதவில் சாய்ந்து நின்று தாழ்ப்பாளாக வேலை பார்த்தேன். வெளியே வரிசை வாசல் வரை நீண்டது. பட்டுப்புடவையோடு அண்ணியும் அதே வரிசையில் நின்றார். அவரை உள்ளே பார்த்த டாக்டரம்மா, இது முகாமில் முடிகிற காரியம் இல்லை, ஸ்கேன் எடுக்க வேண்டும், கர்ப்பப்பைக்குள்ளிருந்து துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும், இந்த வாரமே வாருங்கள் என்றார்.

வீட்டில் அன்றைக்கு அண்ணன் வெடித்தார்.

"கடைவீதியில தலைகாட்ட முடியல. மானம் போச்சு. எந்த மொகத்த வச்சிக்கிட்டு நான் சங்கத்துக்குப் போவேன்?"

அண்ணி நகைகளைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னார். "தலை உங்களுது. கர்ப்பப்பை என்னுது. எதப் பாக்கணும்னு நான் முடிவு பண்ணிக்கறேன்."

நாங்கள் புதுச்சேரிக்குக் கிளம்பிய அன்று காலை பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணனும் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. எங்களுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

ரிசல்ட் வந்தது. கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய். ஆரம்ப நிலை. அந்த இரண்டு வார்த்தைக்குள்தான் எங்கள் எல்லோருடைய உயிரும் ஒண்டிக்கொண்டிருந்தது. அண்ணி ஒரு கேள்விதான் கேட்டார். "கொலு சீசனுக்கு முன்னாடி எழுந்து நடமாடிடுவேனா டாக்டர்?" கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நினைத்ததை விட இறுக்கமாகப் பிடித்தார்.

அண்ணன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"சுதா... நான் சூடுன்னு சொன்னேன் இல்ல. அதனால லேட் ஆயிடிச்சா?"

எனக்கு அவரைக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை. உள்ளே போய் டாக்டரம்மாவிடம் அதையே கேட்டேன். அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார். "இதுவரைக்கும் இல்ல. இன்னும் கொஞ்ச நாள் எளநி குடிச்சிருந்தா ஆயிருக்கும்."

அதை அப்படியே அண்ணனிடம் வந்து சொன்னேன். கர்ச்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

ஆபரேஷன் நடந்தது. கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வேறெங்கும் பரவவில்லை. மேற்கொண்டு கரண்ட் வைக்கவோ மருந்து ஏற்றவோ வேண்டியதில்லை, ஒழுங்காகச் செக்கப்புக்கு மட்டும் வந்தால் போதும் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அண்ணன்தான் கஞ்சி வைத்தார். வென்னீர் போட்டார். அண்ணியைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடக்க வைத்தார். அதுவரை அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத மனிதர்.

ஆனால் பார்க்க வருகிறவர்கள் என்ன ஆபரேஷன் என்று கேட்டால்... குடலிறக்கம். அப்பெண்டிஸ். கல்.

இதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை. மனைவிக்காக இந்த மனிதர் எதையும் செய்கிறார். அவள் உடம்பில் இருந்த ஓர் உறுப்பின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் குடியிருந்துவிட்டு வந்த இடம். குடலுக்கு இருக்கிற மரியாதை அதற்கு இல்லையா? அவரை மட்டும் சொல்வானேன். படித்த பெண்கள், ஆபீஸில் ஆயிரம் பேரை அதட்டுகிற பெண்கள், மருந்துச் சீட்டை மடித்துக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு "சும்மா லேடீஸ் பிராப்ளம்" என்கிறார்கள். பிராப்ளத்துக்குப் பெயர் வைக்காமல் எப்படித் தீர்ப்பது? வெட்கத்தினால் மட்டும் எத்தனை பேரைச் சுடுகாட்டுக்கு அனுப்பியிருப்போம் என்று எந்தச் சங்கமாவது எண்ணிப் பார்த்ததுண்டா?

இந்த வாரம் அண்ணியைச் செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நன்றாக இருக்கிறார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்து சீட் பெண்மணி, எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அண்ணி ஆரம்பித்துவிட்டார். ரத்தம் பட்டதிலிருந்து தையல் பிரித்தது வரை, லாரி டிரைவரிடம் பேசுகிற அதே குரலில். முன் சீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாக வயல்களை ரொம்பவே ரசித்தார்கள். ஒரு பெரியவர் தூங்குவது மாதிரி நடித்தார். அந்தப் பெண்மணி மட்டும், "எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்குப் போவணும்" என்று விவரம் கேட்டுக்கொண்டு வந்தார்.

டிக்கெட் போட்டு முடித்த கண்டக்டர் எங்கள் சீட் பக்கத்திலேயே நின்றார். எதற்கோ தயங்கினார். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்டுவிடாதபடி அண்ணியிடம் கேட்டார்.

"அக்கா, அந்த டாக்டரம்மா என்னென்ன கெழமையில இருப்பாங்க? வூட்டுல அம்மாவுக்கு... அதான்."

அவர் மெதுவாகத்தான் கேட்டார். அண்ணி பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.